கூரை ஒழுகுகிறதா? அறிகுறியைப் பார்த்து ஆரம்பியுங்கள்

மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் பக்கம் கூரை ஒழுக்கு பார்ப்பதுதான் எனக்கு வேலை. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை வரைக்கும் போவேன். போன் வருவது பெரும்பாலும் மழை பிடித்து நாலைந்து நாள் கழித்து, வீட்டுக்குள் பாத்திரம் வைத்துச் சொட்டு பிடிக்க ஆரம்பித்த பிறகுதான். அந்த நேரத்தில் மேலே ஏறி உருப்படியாக எதுவும் செய்ய முடியாது, ஈரத்தில் பூச்சு பிடிக்காது, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டுமே உண்டு. நடுவில் கூரை முழுசாகக் காய்வதற்குக் கிடைக்கிற நாட்கள் குறைவு.

அதனால் சித்திரை முடிவதற்குள் ஒரு தடவை, புரட்டாசியில் ஒரு தடவை நீங்களே கூரையைப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறை, ஒழுகினாலும் ஒழுகாவிட்டாலும், வேலை தெரிந்த ஒருவரை மேலே ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் பார்த்த பெரிய செலவுகளில் முக்கால்வாசி, முந்தின வருடம் ஒரு கொத்தனாரின் அரை நாள் கூலியில் முடிந்திருக்க வேண்டியவை.

ஏற்கெனவே ஒழுக ஆரம்பித்துவிட்டது என்றால் கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், அதே வரிசையில் பார்த்துக்கொண்டே போங்கள்.

எந்தக் கூரையானாலும் முதலில்

ஃபேன், லைட், சுவிட்ச் போர்டு பக்கம் ஈரம் தெரிந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். ஒழுக்கு எங்கிருந்து என்று தேடுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

அடுத்தது, ஒரு பென்சில் எடுத்து ஈரத் திட்டின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு ஈரம் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். மழையே இல்லாத ஒரு வாரத்தில் தாண்டினால் கதையே வேறு. இந்தக் கோடு போட்டு வைத்த வீட்டில் காரணம் கண்டுபிடிக்க எனக்குப் பாதி நேரம் போதும்.

கான்கிரீட் தளம்: மழை பெய்தால் மட்டும் ஈரத் திட்டு

முதல் சந்தேகம், தண்ணீர் இறங்கும் குழாய். மொட்டை மாடியில் விழுகிற மழை இறங்கிப் போகிற வாய் அடைத்திருந்தால் தண்ணீர் தேங்கும், தேங்கினால் எந்தச் சின்ன விரிசலிலும் இறங்கும். நம் ஊரில் ரப்பர் மரம் டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் இலை கொட்டும், தென்னையிலிருந்து கொதும்பும் சில்லாட்டையும் வருடம் முழுக்க விழும். இதெல்லாம் சேர்ந்து மக்கிக் குழாய் வாயில் கறுப்புச் சேறாக உட்கார்ந்துவிடும், மேலே பார்த்தால் இரண்டு இலைதான் தெரியும். கையை விட்டுத் தோண்டி எடுங்கள், அப்புறம் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, கீழே அதே வேகத்தில் வருகிறதா என்று ஒருவரை நின்று பார்க்கச் சொல்லுங்கள். சொட்டுச் சொட்டாக வந்தால் குழாயின் வளைவில் அடைப்பு இருக்கிறது, பிளம்பர் வேலை. வாயில் ஒரு வலை மூடி போட்டுவைத்தால் அடுத்த வருடத்துக்கு நிம்மதி.

குழாய் சரியாக இருந்தும் தண்ணீர் நிற்கிறதா? மழை விட்டு இரண்டு நாள் கழித்து மாடிக்குப் போங்கள். அப்போதும் தண்ணீர் நிற்கும் இடம், அல்லது காய்ந்துபோய் பாசி வட்டமாகத் தெரியும் இடம், வாட்டம் கெட்ட இடம். பத்து அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது சரிவு வேண்டும். சின்னக் குழி என்றால் அந்த இடத்தை மட்டும் கொத்திவிட்டு வாட்டம் கொடுத்துப் பூசினால் போதும், மாடி முழுக்க இப்படி என்றால் தட்டோட்டை எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும்.

அடுத்து, கைப்பிடிச்சுவரும் தளமும் சேர்கிற மூலை. ஒழுக்குகளில் பாதி இங்கேதான் என்று தயங்காமல் சொல்வேன். சுவரும் தளமும் வெயிலில் ஒரே மாதிரி நீள்வதில்லை, அதனால் அந்தச் சேர்மானத்தில் தலைமுடி அளவு விரிசல் விழும், கண்ணுக்கு எளிதில் தெரியாது. காய்ந்த மாடியில் அந்த மூலை நெடுக ஒரு மக் தண்ணீரை மெல்ல ஊற்றிவிட்டு வெயிலில் உலர விடுங்கள். எல்லா இடமும் காய்ந்த பிறகும் விரிசல் மட்டும் ஈரக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை அகலப்படுத்தி, விரிந்து சுருங்கக்கூடிய சீலன்ட் அடைத்து, மூலையை வளைத்துப் பூச வேண்டும். வெறும் சிமென்ட் பாலை ஊற்றிவிட்டுப் போகிறவர்களை நம்பாதீர்கள், அடுத்த கோடையில் அதே இடத்தில் வெடிக்கும்.

தட்டோடு பதித்த மாடியா? ஒரு சின்னச் சுத்தியலின் பிடியால் ஒவ்வொரு ஓடாகத் தட்டிக்கொண்டே போங்கள். டக் என்று கெட்டியாகக் கேட்டால் சரி, டொக் என்று கூடான சத்தம் வந்தால் அந்த ஓடு தளத்தை விட்டுப் பிரிந்திருக்கிறது, அடியில் தண்ணீர் தங்கும். அந்த ஓடுகளில் சாக்பீஸால் குறி போடுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து என்றால் மாற்றிவிடலாம். குறிகள் ஒரே இடத்தில் கூட்டமாக இருந்தால் ஆளை வரவழையுங்கள்.

கடைசியாக, மேலே அடித்த வாட்டர்ப்ரூஃப் பூச்சு. மொட்டை மாடியில் அடிக்கிற சாதாரண அக்ரிலிக் பூச்சு நம் வெயிலுக்கும் மழைக்கும் நிரந்தரமாக நிற்காது. நகத்தால் சுரண்டினால் தோலாக உரிகிறதா, விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஆயுள் முடிந்தது. பழையதைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுசு அடித்தால் இரண்டும் சேர்ந்து உரியும்.

இத்தனையும் பார்த்தும் காரணம் தெரியவில்லை என்றால் தண்ணீர் கட்டிப் பார்க்கும் சோதனை உண்டு. குழாயை அடைத்து ஒன்றிரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் முழுக்க விட்டுக் கீழே பார்ப்பது. இதை நீங்களாகச் செய்ய வேண்டாம். ஆயிரம் சதுர அடி மாடியில் இரண்டு அங்குலம் நின்றால் நாலே முக்கால் டன் எடை. பழைய தளத்தில் அந்தப் பாரத்தை ஏற்றலாமா என்று ஒரு இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும், ஏற்றுவதென்றாலும் பகுதி பகுதியாகத்தான்.

கான்கிரீட் தளம்: மழையே இல்லை, ஆனாலும் ஈரம்

அப்படியானால் மழையை விட்டுவிட்டு, மேலே தண்ணீர் எது என்று தேடுங்கள்.

தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஆரம்பியுங்கள். ராத்திரி எல்லாக் குழாயும் மூடியபிறகு தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வைத்து, காலையில் யாரும் தொடுவதற்கு முன்னால் பாருங்கள். இறங்கியிருந்தால் தொட்டியிலோ குழாயிலோ கசிவு. மறுநாள் ராத்திரி தொட்டியின் வெளிக்குழாய் வால்வை மூடிவிட்டு அதே சோதனை. இப்போது இறங்கவில்லை என்றால் தொட்டி நன்றாக இருக்கிறது, கசிவது குழாய்தான். நிரம்பி வழிகிற தண்ணீர் நேரே மாடியில் விழுகிற மாதிரி விட்டிருந்தாலும் இதே ஈரம் வரும், அதற்கு ஒரு துண்டுக் குழாய் போட்டு இறக்கிவிட்டால் வேலை முடிந்தது.

மேலே குளியலறை இருக்கிறதா? தரைத் துளையை ஒரு துணியால் அடைத்து, சொட்டு நீலம் கலந்த தண்ணீரை ஓர் அங்குலம் நிறுத்துங்கள். கீழே நீலம் கண்டால் டைல்ஸ் இடுக்கோ துளையின் ஓரமோ குற்றவாளி. நீலம் வராமல், கக்கூஸ் பயன்படுத்துகிற நேரத்தில் மட்டும் ஈரம் கூடினால் கழிவுக்குழாய் சேர்மானம், அதற்கு பிளம்பர்தான்.

இரண்டும் இல்லை, தளம் முழுக்க லேசாக ஈரம் கோத்த மாதிரி இருக்கிறது என்றால், உள்பக்கம் ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கும் தளத்துக்கும் நடுவில் நீர்த்துளி என்றால் தளத்திலிருந்து ஈரம் வருகிறது. தாளின் வெளிப்பக்கத்தில் துளி என்றால் அறைக்குள் இருக்கும் ஈரக்காற்று படிகிறது, சமையலறையிலும் துணி உலர்த்தும் அறையிலும் இது நடக்கும், ஜன்னல் திறந்து வைப்பதுதான் மருந்து.

கான்கிரீட் தளம்: ஃபேன் கொக்கியிலிருந்து சொட்டு

ஃபேனுக்கு நேர் மேலே மாடியில் உடைத்துப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். உடைக்காதீர்கள். தளத்துக்குள் வயர் போகிற பைப் இருக்கிறதல்லவா, தண்ணீர் எங்கோ ஒரு மூலையில் அதற்குள் புகுந்து, பைப் வழியாகவே ஓடி வந்து, திறப்பு இருக்கிற இடத்தில் விழுகிறது. திருவட்டாரில் ஒரு வீட்டில் ஹாலின் நடு ஃபேனில் சொட்டிக்கொண்டிருந்தது, தண்ணீர் புகுந்த இடம் மாடிப்படி அறையின் வாசல்படி ஓரம், இரண்டுக்கும் நடுவில் இருபதடி இருக்கும். அந்த வீட்டு அம்மா, “மக்களே, மேல உடைக்கச் சொல்லி ஆளையும் வரச் சொல்லியாச்சே” என்றார். கூலியாளைத் திருப்பி அனுப்பிவிட்டு வாசல்படி ஓரத்தை அடைத்தோம், சொட்டு நின்றது.

கரண்டை அணைத்துவிட்டு, வயர்மேனைக் கொண்டு அந்த பைப் எந்தப் பக்கம் போகிறது என்று கேளுங்கள். அந்தத் திசையில் கைப்பிடிச்சுவர் மூலை, படி அறை, டிஷ் ஆன்டெனாவுக்கோ சோலார் ஹீட்டருக்கோ போல்ட் அடித்த இடம், இவைகளைப் பாருங்கள். தளத்தில் போல்ட் அடிக்கிற யாரும் ஓட்டையை அடைத்துவிட்டுப் போவதில்லை.

கான்கிரீட் தளம்: துருக்கறை, காரை உதிர்தல், கம்பி தெரிதல்

இங்கே நீங்களாகச் சரி செய்ய எதுவும் கிடையாது. அடியில் கட்டிலோ தொட்டிலோ இருந்தால் இன்றைக்கே நகர்த்துங்கள், அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

கம்பி துருப்பிடித்தால் ஊதும், ஊதிக் கான்கிரீட்டைக் கீழே தள்ளும். குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்தில் உப்புக் காற்றால் இது சீக்கிரம் வரும். பழைய வீடுகளில் கம்பிக்குக் கீழே 15 மில்லிமீட்டர் கான்கிரீட்டைத்தான் மறைப்பாக விட்டிருப்பார்கள், 2000-ஆம் ஆண்டு வந்த ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் தர விதி கடலோரத்தில் உப்புக் காற்று படுகிற கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர் கேட்கிறது. ஆகவே தளத்தில் கம்பியின் நேருக்குக் கோடு கோடாகப் பழுப்புக் கறை தெரிந்த உடனேயே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள், விழுந்த பிறகு அல்ல. அவர் சுத்தியலால் தட்டி, கான்கிரீட்டின் கெட்டித்தன்மையைக் காட்டும் ரீபவுண்ட் ஹேமர் கருவி வைத்து, தேவைப்பட்டால் கம்பியின் துரு அளவைச் சோதித்துச் சொல்வார். உதிர்ந்த இடத்தில் சிமென்ட் அப்பி வெள்ளையடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்பிய சிமென்டுக்குப் பின்னால் துரு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும், அடுத்த தடவை விழுவது பெரிய துண்டாக இருக்கும்.

மேலே ஷீட் போட்டு மூடிவிட்டால் சரியாகிவிடாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம் பக்கம் இப்போது மாடிக்கு மாடி ட்ரஸ் என்கிற இரும்புச் சட்டம் அடித்து ஷீட் போட்டிருக்கிறது. மழை விழுவது நிற்கும், அது உண்மை. ஆனால் ஏற்கெனவே துரு ஏறிய கம்பியை அது காப்பாற்றாது, தொட்டிக் கசிவையும் நிறுத்தாது. முதலில் தளத்தைச் சோதித்துச் சரி செய்யுங்கள், ஷீட் அப்புறம்.

சுவரின் மேல் பாதியில் பெயின்ட் கொப்பளித்தல்

சுவரின் அடியிலிருந்து இரண்டு மூன்று அடி வரை மட்டும் உப்புப் பூத்திருந்தால் அது தரையிலிருந்து ஏறுகிற ஈரம், கூரைக்குச் சம்பந்தமில்லை. மேலிருந்து கீழே இறங்குகிற கறை என்றால்தான் இங்கே படியுங்கள்.

கைப்பிடிச்சுவரின் தலைப்பக்கம் வெடித்திருக்கிறதா பாருங்கள், அதன் வாட்டம் உள்பக்கமாக இருக்க வேண்டும். சன்ஷேடு சுவரோடு சேர்கிற இடத்தில் மண் சேர்ந்து செடி முளைத்திருக்கிறதா பாருங்கள். ஆல், அரசு முளைத்திருந்தால் பிடுங்கினால் மட்டும் போதாது, வேர் உள்ளே இருந்து மறுபடி வரும், கொத்தனாரை விட்டு வேரோடு எடுத்து அடைக்க வேண்டும். மழைநீர்க் குழாய் சுவருக்குள் பதித்ததாக இருந்து, அதன் நேருக்குக் கறை இறங்கினால் குழாய் உள்ளே உடைந்திருக்கிறது. அதைத் தேடி உடைப்பதைவிட, அதை அடைத்துவிட்டு வெளியே புதுக் குழாய் இறக்குவதே மலிவு.

ஓட்டு வீடு: ஒரே இடத்தில் சொட்டு

நல்ல வெயில் அடிக்கிற மத்தியானம், அறையின் ஜன்னல் கதவெல்லாம் மூடி இருட்டாக்கிவிட்டு மேலே பாருங்கள். ஓடு நகர்ந்த இடத்திலும் உடைந்த இடத்திலும் வெளிச்சம் ஊசியாக இறங்கும். அந்த இடத்தின் நேருக்குக் கழுக்கோலில், அதாவது கூரையைத் தாங்குகிற சாய்வு மரத்தில், சாக்பீஸ் குறி போடுங்கள். அப்புறம் அந்தக் குறியிலிருந்து முகடு வரைக்கும் கழுக்கோலின் பக்கவாட்டைக் கவனியுங்கள். தண்ணீர் மேலே நுழைந்து மரத்தின் ஓரமாகவே வழிந்து கீழே வந்து விழும், கறுத்த தடம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

நகர்ந்த ஓட்டை உள்ளிருந்தே தூக்கி, அதன் அடியில் இருக்கும் காதை, கழுக்கோலுக்குக் குறுக்கே அடித்த ரீப்பர் சட்டத்தில் மாட்டிவிடலாம். உடைந்ததை மாற்ற அதே அச்சு ஓடு வேண்டும், வேறு கம்பெனி ஓடு வாய் சேராமல் பக்கத்து ஓட்டையும் தூக்கும். பழைய வீடு இடிக்கிற இடங்களில் ஒரு ஐம்பது ஓடு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கண்ணாடி ஓடு போட்ட இடம் இருந்தால் அதன் ஓரத்தைத் தனியாகப் பாருங்கள்.

காற்றோடு மழை அடித்தால் மட்டும் ஒழுகுகிறது என்றால் பெரும்பாலும் முகட்டு ஓட்டின் காரை வெடித்திருக்கும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்துபோன பிறகு இந்த ஒழுக்கு எத்தனையோ வீடுகளில் வந்தது. ஓடெல்லாம் இடத்தில் இருக்கும், முகடு மட்டும் ஆட்டம் கண்டிருக்கும். இரண்டு கூரை சேருகிற பள்ளத்தில் சொட்டினால் அங்கே இருக்கும் தகரப் பாத்தியைப் பாருங்கள். முதலில் சருகு, அது இல்லை என்றால் துருத்துளை.

மேலே ஏறுவது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பாசி பிடித்த ஓட்டில் மழைக்காலத்தில் ஏறாதீர்கள். காய்ந்த நாளிலும் ஓட்டின் நடுவில் மிதித்தால் உடையும், பழகினவர்கள் பலகையோ ஏணியோ போட்டுத்தான் போவார்கள். உயரத்தில் பழக்கமில்லாதவர் உள்ளிருந்து செய்யக்கூடியதை மட்டும் செய்யுங்கள்.

ஓட்டு வீடு: அங்கங்கே தூறல் மாதிரி, அல்லது கூரை தொய்வு

ஓடு முழுக்கவே ஊறிக் கசிகிறது என்றால் அது கிழடு தட்டிவிட்டது. ஒன்றிரண்டு ஓட்டை எடுத்து, பின்பக்கம் காய்ந்திருக்கும்போது மேல்பக்கம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், சீக்கிரமே பின்னால் ஈரம் பரவினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

தெருவில் நின்று முகட்டை ஒரு கோடாகப் பாருங்கள். நடுவில் குழிந்திருந்தால் ஓட்டில் குறையில்லை, மரத்தில் குறை. கழுக்கோலின் அடிப்பாகத்தை, முக்கியமாகச் சுவர் மேல் உட்காரும் முனையை, ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். எளிதாக உள்ளே இறங்கினாலோ மாவாக உதிர்ந்தாலோ சிதல் (கரையான்) அரித்திருக்கிறது. அன்றைக்கே ஆசாரியைக் கூப்பிடுங்கள். ஒரு கழுக்கோல் மாற்றுவது ஒரு நாள் வேலை, உத்திரம் போனால் கூரை முழுக்க இறக்க வேண்டும்.

ஷீட் கூரை

அதிகாலையில் மட்டும், மழையில்லாமல், வரிசையாகத் துளி விழுந்தால் அது ஒழுக்கே இல்லை. ராத்திரி ஷீட் குளிர்ந்து உள்ளே இருக்கிற ஈரக்காற்று படிகிறது. குலசேகரம், பேச்சிப்பாறை மாதிரி மலையடிவாரத்தில் சகஜம். காற்று போக வழி செய்யுங்கள்.

மழையில் சொட்டினால் போல்ட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷரைப் பாருங்கள். வெயிலில் வெடித்து நொறுங்கியிருக்கும், மாற்றிவிட்டால் தீர்ந்தது. போல்ட்டை ஷீட்டின் மேட்டில் அடிக்காமல் பள்ளத்தில் அடித்திருந்தால் எத்தனை வாஷர் மாற்றினாலும் திரும்ப ஒழுகும், அதை அடைத்துவிட்டு மேட்டில் புதுசாக அடிக்கச் சொல்லுங்கள். ஒரு ஷீட்டின் மேல் அடுத்தது ஏறுகிற இடத்தில் ஆறு அங்குலமாவது இருக்கிறதா என்றும் அளந்து பாருங்கள். காற்றில் ஷீட் தடதடக்கிற சத்தம் புதிதாகக் கேட்டால் மழைக்கு முன்னால் வெல்டரை வரவழையுங்கள், ஒரு ஓரம் தூக்கினால் புயலில் முழுசும் போகும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் நீங்கள் கை வைக்க வேண்டாம். அதன் தூசி புற்றுநோய் தரும், தேய்ப்பது, துளையிடுவது, உடைப்பது எதுவும் கூடாது. மேலே மிதித்தால் சொல்லாமல் உடைந்து ஆள் கீழே விழுவார். அனுபவம் உள்ளவர்கள் நனைத்து, முகமூடியோடு கழற்றட்டும்.

பார்க்க வருகிறவரிடம் கேட்க வேண்டியவை

கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறவருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள். மேலே ஏற வேண்டும், குழாய் வாய், மூலைகள், தொட்டி அடி, போல்ட் அடித்த இடம் என்று ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து உங்களிடம் காட்ட வேண்டும். காரணம் இதுதான் என்று முதலில் எழுதித் தரட்டும், விலை அதற்குக் கீழே. அந்தக் காகிதத்தையும் போட்டோக்களையும் தேதியோடு வைத்திருங்கள், அடுத்த வருடம் வேறு ஆள் வந்தாலும் விரிசல் நீண்டிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பூச்சு வேலை முடிந்தால் கியாரண்டி எத்தனை வருடம், திரும்ப ஒழுகினால் வந்து பார்ப்பது யார் பொறுப்பு என்பதையும் அதே காகிதத்தில் எழுதி வாங்கிவிட்டுப் பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.